ஜீப் போகாத மாதங்கள்

ஹனோவர் நகரத்துக்குள் ஓடும் லைனே ஆற்றை முதல் தடவை பார்த்த அன்றே பேர்பெச்சுவா அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இதையோ ஆறெண்டு சொல்லுறாங்கள்? வாய்க்காலுக்குச் சப்பாத்துப் போட்டு விட்டிருக்கிறாங்கள்."

இரண்டு கரையிலும் கல் அடுக்கி, கம்பி நட்டு, கிழவர்கள் குந்தியிருக்க வாங்கும் போட்டிருந்தார்கள். தண்ணீர் அதற்குள் தலையைக் குனிந்துகொண்டு போனது. பக்கத்தில் நின்ற அவள் கணவர் இன்னாசித்தம்பி மாஸ்ரர், "மெல்லக் கதையும், ஆக்கள் பாக்கினம்" என்றார். பாலத்தில் போன சனத்துக்குத் தமிழ் விளங்காது என்று அவருக்கும் தெரியும். என்றாலும் மனைவி வாயைத் திறந்தால் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கிவிடும் என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம்.

பேர்பெச்சுவா மன்னார்த் தீவில், பேசாலையில், வலைகாரக் குடும்பத்தில் பிறந்தவள். இருபத்தைந்தாவது வயதில் இளவாலையைச் சேர்ந்த கணித ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டாள். மாமியார் வீட்டில் அவள் ஆக்கிய மீன் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, மன்னார்ப் பெட்டையில் மீன் வெடுக்கு அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துவார்கள். இளக்காரம் என்றால் என்ன என்பதை அங்கேதான் படித்தாள். படித்ததை வீணாக்கவில்லை. வாங்கியதற்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை இல்லையா என்று துருவியவர்களுக்கு அவள் சொன்ன பதிலை எழுத்தில் போட முடியாது.

1974இல் மாஸ்ரருக்குக் கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் வேலை கிடைத்தது. நைரோபி என்று நினைத்து, கழுத்தில் கட்ட மூன்று ரை வாங்கினார். அரசாங்கம் அவரைக் கொண்டுபோய் இறக்கியது தானா ஆற்றின் கீழ்ப்பகுதியில், கிபாவோனி என்ற ஊரில். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, கொஞ்சம் மாமரம், எதிரே ஆறு. வந்த முதல் கிழமை மாஸ்ரர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்க இறங்கினார். கரையில் கிடந்த மரக்குற்றி ஒன்று வாயைத் திறந்தது. அதன் பிறகு அவர் அந்த ஆற்றின் பக்கம் போகவேயில்லை. ஆறு வருடமும் வாளித் தண்ணீரில்தான் குளித்தார். வாளியைத் தூக்கியது பேர்பெச்சுவா.

தூக்கப் போனவளுக்கு ஆறு பழகிவிட்டது. அடுத்த வீட்டு மரியாமு அவளுடைய வயதுக்காரி. ஆற்றங்கரையில் பயிர் செய்து வாழும் பொக்கோமோ சனத்தைச் சேர்ந்தவள். இரண்டு பேருக்கும் மொழி இல்லாத காலத்திலேயே சிரிப்பு ஒத்துப்போனது. சுவாகிலி வந்த பிறகு வாயும் ஒத்துப்போனது.

தானா எங்கேயோ மேலே, கென்யா மலையின் ஈரத்தில் பிறந்து வருகிறது. கீழே இறங்கியதும் முட்பற்றையைத் தவிர வேறொன்றும் முளைக்காத வரண்ட வெளிக்குள் நுழைகிறது. அங்கிருந்து கடல்வரை வற்றாத துணையாறு ஒன்றும் அதற்குக் கிடையாது. மேலே வாங்கி வந்ததை வைத்துத்தான் கடைசிவரை சமாளிக்க வேண்டும். அதனால் காடு என்பது கரையோரத்து ஒரு பச்சைக் கீற்று மட்டும்: அத்தி மரங்கள், அவற்றில் சண்டை பிடிக்கும் குரங்குகள், நிழல். அந்தக் கீற்றைத் தாண்டினால் செம்புழுதி.

வருடத்துக்கு இரண்டு வெள்ளம் வரும். வைகாசியில் பெரியது, கார்த்திகையில் சின்னது. முதல் வெள்ளத்தன்று மாஸ்ரர் பெட்டிகளை மேசைமேல் ஏற்றி, அதற்கு மேல் தானும் ஏறிக் குந்திக்கொண்டு, ஊர் அழியப்போகிறது என்று செபமாலை உருட்டினார். வெளியில் மரியாமுவும் மற்றப் பெண்களும் கடகங்களோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். வராத விருந்தாளி வந்ததுபோல் இருந்தது அவர்கள் முகம். தண்ணீர் வடிந்தபோது பள்ளக் காணிகளில் நாலு விரல் தடிப்புக்குச் சேறு படிந்திருந்தது. அதில் நெல் போட்டார்கள்; மரியாமுவோடு பேர்பெச்சுவாவும் சேற்றில் இறங்கினாள். மேட்டில் சோளமும் வாழையும். ஆறு வளைந்து வளைந்து ஓடி, ஒரு வெள்ளத்தில் வளைவை அறுத்துக்கொண்டு நேரே போய்விடும். விட்டுப்போன வளைவு குளமாகிவிடும். அந்தக் குளங்களில் மீன் அள்ளலாம். வற்றினால் சேற்றுக்குள் சுருண்டுகொண்டு அடுத்த மழைவரை மூச்சு வாங்கும் ஒரு மீனும் அங்கே இருந்தது. பேசாலைக்காரியே அப்படி ஒரு மீனைக் கண்டதில்லை.

அந்த ஆறு தான் கொண்டுவந்த மண்ணைத் தன் கரையிலேயே கொட்டியது. கரை உயர்ந்தது, அடியும் உயர்ந்தது. கடைசியில், வரம்பின்மேல் ஓடும் வாய்க்காலைப்போல, பக்கத்து வயலைவிட உயரத்தில் ஓடியது. அலுத்துப்போனால் ஒரு நாள் கரையை உடைத்துக்கொண்டு வேறு பாதையில் இறங்கும். காட்டுக்குள் வரிசையாக மாமரம் நின்றால், முன்னொரு காலம் அங்கே ஊர் இருந்தது, ஊருக்கு முன்னால் ஆறு இருந்தது என்று அர்த்தம். கோடையில் ஓர்மா இடையர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளோடு புல்லுக்கு வருவார்கள். மாடு தண்ணீருக்கு இறங்க ஊருக்கு ஊர் ஒரு வழி விட்டிருக்கும். அந்த வழியில் யாரும் பயிர் நட மாட்டார்கள், நட்டால் வெட்டுக்குத்து.

1980இல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார்கள். மாஸ்ரருக்கு வத்தளையில் வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வாடகை வீடு எரிந்தது. அடுத்த வருடம் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின், பிறகு அன்ராக் என்ற அகதி விண்ணப்பம் போட்டு, பகிர்ந்தளிக்கப்பட்ட இடம் ஹனோவர். அகதிகள் தங்கும் ஹைமில் ஓர் அறை. வேலை செய்ய அனுமதி இல்லை. மாஸ்ரர் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, வந்த பெடியன்களுக்கு ஆபிரிக்கக் கதை சொன்னார். அந்தக் கதைகளில் முதலையைத் துடுப்பால் அடித்து விரட்டியவர் அவரே.

"இவர் துடுப்பை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு கேளுங்கோ தம்பியவை" என்று சட்டியைக் கழுவியபடி பேர்பெச்சுவா சொல்வாள்.

எண்பத்தாறாம் ஆண்டு தவக்காலத்தில் இந்தப் புளுகு பங்குக் கோயில்வரை எட்டியது. கோயிலில் 'மூன்றாம் உலக வட்டம்' என்று ஒரு கூட்டம் இருந்தது. தாங்களே பின்னிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, நிக்கராகுவாக் கோப்பி குடித்து, உலகத்துக்காகக் கவலைப்படுகிற நல்ல சனங்கள். அந்தக் கோப்பி மண் கழுவின தண்ணீர் என்பது பேர்பெச்சுவாவின் முடிவு. அவர்கள் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு தானா ஆறு பற்றிப் படக்காட்சி வைத்தார்கள். பேச வந்தவர் டொக்டர் ஹார்ட்விக்; ஒரு பொறியியல் அலுவலகத்தில் நீர்த்திட்டங்களுக்குப் பொறுப்பானவர். கிபாவோனிப் பக்கத்தில் முப்பது கிலோமீற்றர் அணைக்கட்டுக் கட்டி, வெள்ளத்தை மறித்து, பம்பு வைத்து, இரண்டு போக நெல் செய்யும் திட்டம் அவர் கையில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர் என்று மாஸ்ரருக்கும் பத்து நிமிடம் கொடுத்தார்கள். மாஸ்ரர் மூன்று ரையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நகர நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் இருந்து எழுதி எடுத்ததை ஜேர்மனில் வாசித்தார். ஆற்றின் நீளம், நீர்வீழ்ச்சியின் உயரம், பாலூட்டிகளின் பெயர்ப் பட்டியல். கைதட்டினார்கள்.

பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு டொக்டர் படம் காட்டினார். வெடித்துக் கிடந்த ஒரு வெளி. "பிறாக்லாண்ட்" என்றார். தரிசு நிலம் என்று மாஸ்ரர் காதுக்குள் சொன்னார். பேர்பெச்சுவா கதிரையில் நிமிர்ந்தாள். படத்தின் ஓரத்தில் கவட்டை விட்ட அத்தி மரம் ஒன்று நின்றது. அது மரியாமுவின் காணி. அந்த மரத்தடியில் அவள் ஆறு வருடம் சோறு தின்றிருக்கிறாள்.

அடுத்த படத்தில் தண்ணீருக்குள் நிற்கும் வீடுகள். யாரோ ஆகாயத்தில் இருந்து எடுத்தது. "பேரழிவு" என்றார் டொக்டர். மூன்றாம் உலக வட்டம் ஐயோ என்று மூச்சு விட்டது.

விளக்குப் போட்டு, கேள்வி உண்டா என்று கேட்டதும் பேர்பெச்சுவா எழும்பினாள். மாஸ்ரர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவள் தட்டிவிட்டுத் தமிழில் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. அது தரிசு இல்லை. அறுத்துப்போட்டு வெள்ளத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிற வயல். படம் எடுத்தது மாசியிலை. ஏன் மாசியிலை? மற்ற மாதங்களிலை அந்த றோட்டிலை ஜீப் போகாது. ஜீப்பிலை போறவனுக்கு வருசம் முழுக்க மாசிதான். அவரைக் கேளுங்கோ, ஒரு நாளெண்டாலும் அந்தச் சேத்துக்கை கால் வைச்சவரோ எண்டு."

மாஸ்ரர் தொண்டையைச் செருமி, ஒரே ஒரு வசனம் சொன்னார். அதற்குள் "ஷோன்" என்ற சொல் இரண்டு முறை வந்தது. டொக்டர் புன்னகையோடு தலையை அசைத்தார். ஒன்றரை வருட ஜேர்மனில் பேர்பெச்சுவாவுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் அது ஒன்று: வடிவு.

"நான் சொன்னதுக்கை எங்கை வடிவு இருந்தது? என்ன சொன்னனீங்கள்?"

"படங்கள் வடிவு, உமக்குப் பழைய ஞாபகம் வந்திட்டுது எண்டு சொன்னனான். இரும் இப்ப. ஆக்களுக்கு முன்னாலை..."

அவள் இருக்கவில்லை. டொக்டரைப் பார்த்துச் சுவாகிலியில் பேசத் தொடங்கினாள். அந்த ஆற்றைப் பற்றி வருடக்கணக்கில் அறிக்கை எழுதியவருக்கு அந்த மொழியும் விளங்கவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு வயதான கன்னியாஸ்திரி எழும்பினார். சிஸ்டர் இர்ம்கார்ட், கிழக்காபிரிக்காவில் பதினொரு வருடம் மருந்துச்சாலை நடத்திவிட்டு, இடுப்பு நோவோடு திரும்பி வந்தவர். சுவாகிலியிலேயே சொன்னார்.

"அம்மா, நீங்கள் பேசுங்கள். நான் சொல்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

பேர்பெச்சுவா வசனம் வசனமாகச் சொன்னாள். சிஸ்டர் அப்படியே ஜேர்மனாக்கினார். மாசியும் ஜீப்பும் வந்த இடத்தில் மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். டொக்டரின் கழுத்து சிவந்தது.

"அது வீடு தாழுற படமில்லை. வீட்டை மேட்டிலைதான் கட்டுவினம். முழங்கால் தண்ணி ரெண்டு கிழமை நிக்கும். அந்தத் தண்ணி இல்லாட்டில் நெல்லு இல்லை, மீன் இல்லை, மாட்டுக்குப் புல்லு இல்லை, அத்தியும் பட்டுப்போம். மேலை அணை கட்டினதிலை இருந்து வெள்ளம் மெலிஞ்சு போச்செண்டு சனம் ஏற்கெனவே அழுதுகொண்டு இருந்தது. நீங்கள் மிச்சத்தையும் மறிக்கப் போறியள். ஆறு வயலை விட உயரத்திலை ஓடுது. பக்கத்திலை சுவரைக் கட்டினால் சேறெல்லாம் ஆத்துக்கையே படியும், ஆறு இன்னும் எழும்பும். ஒரு நாளைக்கு உடைக்கும். உடைச்ச தண்ணி திரும்பிப் போக உங்கடை சுவர் விடாது."

டொக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். சிஸ்டர் சற்றுத் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார். "உங்கள் அனுபவம் சுவையானதாம். ஆனால் அவரிடம் மூன்று வருட அளவீடு இருக்கிறதாம்."

"மூண்டு வருசமோ? ஆறு வருசத்திலை நான் பன்னிரண்டு வெள்ளம் பாத்தனான். அவர் எத்தினை பாத்தவராம்?"

டொக்டர் படங்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். கோப்பி ஆறுகிறது என்று வட்டத்தின் தலைவி அறிவித்தார். பிறகு பெண்கள் வந்து பேர்பெச்சுவாவின் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி சேலையைத் தடவிப் பார்த்தாள். இன்னொருத்தி ஆபிரிக்கச் சோற்றுக்கு என்ன தூள் போடுவது என்று கேட்டாள். அணைக்கட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்று கிழமையில் டொக்டரின் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது, 'மதிப்புக்குரிய ஹெர் இன்னாசித்தம்பி' என்று. உள்ளூர் அறிவு உள்ளவர் என்ற முறையில் கலந்துரையாட நாளும் நேரமும் குறித்து ஒரு ரேர்மின் கொடுத்திருந்தார்கள். பேர்பெச்சுவாவின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. மாஸ்ரர் இரண்டாவது ரையைக் கட்டினார். போவதற்கு முதல்நாள் மெல்ல வந்து பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சை பாரும், அந்த மாடு இறங்கிற வழி ஊருக்கு எந்தப் பக்கம்?"

"முதலையைக் கேளுங்கோ. உங்கடை சிநேகிதர்தானே."

என்றாலும் சொன்னாள். காணி மரியாமுவின் காணி. புருஷனில் உள்ள கோபத்தை அங்கே காட்டக் கூடாது. இரண்டாம் ரேர்மின் வந்தபோதும் சொன்னாள். ஆனால் சேற்றைப் பற்றிச் சொன்னதை அவர் அங்கே 'சேற்றுப் பிரச்சினை' என்று விளக்கிவிட்டு வந்தார். அதைத் தீர்க்க இயந்திரம் வைப்பதாக அவர்கள் சொன்னார்களாம். அதைக் கேட்டதோடு அவள் பொறுமை தீர்ந்தது.

"அது பிரச்சினை இல்லை, மனுசா! அதுதான் சோறு!"

அடுத்த நாள் சமூக உதவி அலுவலகத்துப் பழைய படிவங்களின் பின்பக்கத்தை ஒட்டிப் பெரிய தாளாக்கி, தரையில் விரித்து, ஆற்றை வரைந்தாள். இப்போதைய ஓட்டம், விட்டுப்போன இரண்டு பழைய ஓட்டம், மாமர வரிசைகள், வளைவுக் குளங்கள், நெல்லுப் பள்ளங்கள், மாட்டு வழிகள். அடுத்த உடைப்பு எங்கே வரும் என்று ஒரு சிவப்புக் கோடும் போட்டாள். அதைச் சுருட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போனாள். இவள் சுவாகிலியில் சொல்லச் சொல்ல, சிஸ்டர் தட்டச்சில் நாலு பக்கம் அடித்தார். அடியில் முழுப்பெயரைத் தன் கையால் எழுதினாள்: பேர்பெச்சுவா இன்னாசித்தம்பி, கிபாவோனியில் ஆறு வருடம் பயிர் செய்தவள். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சிஸ்டர் டொக்டரின் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

வருடக் கடைசியில் அறிக்கை புத்தகமாக வந்தது. முன்பக்கத்தில் நன்றி: 'ஹெர் இ. இன்னாசித்தம்பி, தன்சானியா.' நாட்டையே மாற்றிப் போட்டிருந்தார்கள். மாஸ்ரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை; பெயர் சரியாக இருக்கிறதே என்றார். நாற்பத்தோராம் பக்கத்தில் பேர்பெச்சுவாவின் ஆறு இருந்தது. நேர்த்தியான கோடுகளில் திருப்பி வரைந்து, அடியில் 'சொந்த வரைபடம்' என்று போட்டிருந்தார்கள். சிவப்புக் கோடு இல்லை.

"சொந்தமாம். யாற்றை சொந்தம்?" என்றாள். பிறகு சிஸ்டரிடம், "சுவர் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

சிஸ்டர் பக்கங்களைப் புரட்டிப் படித்தார். அணைக்கட்டு இருக்கிறது. முப்பது கிலோமீற்றர் இருபத்தெட்டாகிவிட்டது. ஒரு மாட்டு வழியும் அதன் பக்கத்து நெல்லுப் பள்ளமும் வெளியே விடப்பட்டிருந்தன. மரியாமுவின் பள்ளம்.

"ஏதோ கிடைத்திருக்கிறது, அம்மா" என்றார் சிஸ்டர்.

"ஓம். பந்தியிலை இருத்தாமல் வாசல்லை வைச்சுத் தந்திருக்கினம்."

அப்படிச் சொன்னவள் நாற்பத்தோராம் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். புத்தகம் பங்கு நூலகத்துடையது. சிஸ்டர் காணாதவர்போல் இருந்தார்.

பிறகு வருடங்கள் ஓடின. எண்பத்தெட்டில் அன்ராக் ஏற்கப்பட்டது. பேர்பெச்சுவாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே உப்பில்லாமல் அவிப்பதை அவள் சமையல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தன்சானியாவில் ஓடும் வேறொரு ஆற்றுக்கு அறிக்கை எழுதுகிறோம், வந்து கருத்துச் சொல்லவும் என்று அதே அலுவலகம் மாஸ்ரரைக் கேட்டது. மாஸ்ரர் அந்த நாட்டில் கால் வைத்ததேயில்லை. மூன்றாவது ரையைக் கட்டிக்கொண்டு போனார். "போங்கோ, போங்கோ. காணாத ஆத்தைப் பற்றிக் கதைக்க உங்களைவிட ஆள் ஆர்?" என்று அவள் கோட்டின் முதுகில் இருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

எண்பத்தொன்பது ஆவணியில் சிஸ்டர் ஆள் அனுப்பினார். அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவர் கிபாவோனிப் பக்கம் போய்வந்து கடிதம் எழுதியிருந்தார். அணைக்கட்டில் பாதி கட்டி முடிந்திருந்ததாம். வைகாசி வெள்ளம் வந்ததாம். உடைந்துவிட்டதாம்.

பேர்பெச்சுவா நிமிர்ந்து இருந்தாள். "எவ்விடத்தாலை உடைச்சது? நான் கோடு போட்ட இடத்தாலையோ?"

சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்து, வரைபடத்தின் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இல்லை. அதற்கு ஆறு கிலோமீற்றர் கீழே. நீங்கள் வரைந்த பழைய ஓட்டத்துக்கும் போகவில்லை. ஒருவரும் நினைக்காத பக்கம் ஒரு புது வழி வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. பம்பு இருக்கிற இடத்தில் இப்போது வெறும் மணலாம்."

பிறகு பேர்பெச்சுவாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எனக்கும் பெப்பே காட்டிப்போட்டுது, பாத்தியளோ. பன்னிரண்டு வெள்ளம் பாத்தனாம், கோடு கீறினனாம். டொக்டரிலும் பார்க்க நான் என்ன பெரிய ஆள்?"

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "மரியாமுவின்ரை பள்ளம்?"

"அதன்மேலும் மணல் ஏறிவிட்டது. சுவருக்கு வெளியே விட்டும் அங்கே தண்ணீர் வருவதில்லை. ஊரில் பாதிப்பேர் புது ஆற்றின் கரைக்குப் போய்க் குடிசை போட்டுவிட்டார்கள். மரியாமுவும் போய்விட்டாளாம். எதைக் கொண்டு கூரை போட்டார்கள் தெரியுமா? பம்பு வீட்டின் தகரத்தைக் கழற்றி."

"அந்தத் தகரமாவது உருப்படியாப் போச்சுது" என்றாள் பேர்பெச்சுவா.

அன்று அவளுக்குப் பின்னேர வேலை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு, புதுக் கரையில் மண் எப்படி, வாழை வைத்தார்களா என்று கேட்டு எழுதும்படி சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.